முழங்கை மடிப்பு

ஆறு மணியிலிருந்து பத்தரை வரை
நாற்பத்திரண்டு கைகள்.
வெறும் வயிற்றோடு வந்தவர்கள் எல்லாரும்
காபிக்குப் போய்விட்ட பிறகு
செக்காலை ரோட்டில் வெயில் மட்டும் இருந்தது.

ரெஜினாதான் சொன்னாள்,
மியூசியத்துக்குப் படங்கள் வந்திருக்கின்றன,
லாரியில் ஊர் ஊராகப் போகிறதாம்,
திங்கட்கிழமை தஞ்சாவூருக்குக் கிளம்பிவிடும்,
உள்ளே ஏ.சி. உண்டு.
கடைசியில் சொன்னதற்காகப் போனேன்.

டிபன் பையை வாங்கி வைத்துக்கொண்டு
சேவுகன் அண்ணன் டோக்கன் தந்தார்: பதினேழு.
டோக்கன் கொடுத்துத்தான் பழக்கம்,
வாங்கி நின்று பழக்கமில்லை.

ஏ.சி. ஓடவில்லை.
முட்டை வெள்ளைக்கரு பூசிய சுவரில்
ஆணி அடிக்கக் கூடாதாம்.
உத்தரத்துக் கம்பியிலிருந்து
படங்கள் தொங்கிக்கொண்டிருந்தன
சலைன் பாட்டில்கள் மாதிரி,
மின்விசிறிக்கு லேசாக ஆடிக்கொண்டு.

எப்படிப் பார்ப்பதென்று தெரியவில்லை.
முன்னால் போன காலேஜ் பிள்ளைகள்
இரண்டடி பின்வாங்கித் தலையைச் சாய்த்தார்கள்.
நானும் சாய்த்தேன்.
ஒரு மலை. ஒரு மஞ்சள் சதுரம்.
சதுரத்தின் பெயர் ‘நினைவு: மூன்று’.
ஒன்றும் இரண்டும் எந்த ஊரில் இறங்கிக்கொண்டனவோ.

அடுத்த அறையில் ஆட்கள்.
அவ்வளவுதான், தொழில் புத்தி,
கண் நேராகக் கைக்குப் போய்விட்டது.

குடத்தோடு நிற்பவளுக்கு நரம்பே இல்லை,
மெழுகில் செய்ததுபோல் இருக்கிறாள்;
மூன்று முறை குத்த வேண்டிவரும்.
தலைப்பாகைக்காரருக்குக் கயிறு கயிறாக,
டிரெய்னிங் பிள்ளைகளிடமே விட்டுவிடலாம்.
சீட்டாடும் நால்வரில்
இடக்கோடியில் இருப்பவருக்கு ரத்தம் குறைவு,
நகம் சொல்கிறது.
ஏதோ ஒரு ராணி. முழுக்கை ரவிக்கை.
அதை மடக்கச் சொல்ல எனக்கு வாய் வராது.

கடைசி அறையில், ஜன்னலோரம், சின்னப் படம்.
கட்டிலில் சாய்ந்திருக்கும் ஆள்.
முகம் இல்லை.
இருக்கிறது,
ஈரத் துணியால் துடைத்த சிலேட்டு மாதிரி,
மூக்கிருக்கும் இடத்தில் ஒரு சாம்பல் இழுப்பு.
ஆனால் வலது கை!
முழங்கை மடிப்பில் அந்தப் பச்சை,
தோலுக்கடியில் போய்
பக்கவாட்டில் திரும்பும் கிளை,
அதற்கு அரை அங்குலம் மேலே
பழைய குத்தலின் நீலம், ஓரத்தில் மஞ்சள் பாய்ந்து.
ஐந்தாம் நாள்.
பந்தயம் கட்டுவேன், ஐந்தாம் நாள்.

வரைந்தவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்,
நாற்காலி போட்டு, நாள்கணக்காக.
முகத்தை மட்டும் ஏன் விட்டார்?

“மேடம், நல்லாயிருக்கீங்களா?”
திரும்பினேன்.
வெள்ளைச் சட்டை, விபூதி, சிரிப்பு.
“மாசாமாசம் வர்றேனே, தெரியலையா?”
தெரிந்த மாதிரி சிரித்துவைத்தேன்.
அவர் நம்பவில்லை.
கூச்சமே இல்லாமல்
சட்டைக் கையை மடித்து நீட்டினார்.

“அட, வயிரவன் சார்!”
இடது கை, உருளும் நரம்பு,
பிடித்துக்கொண்டுதான் எடுக்க வேண்டும்,
சாப்பாட்டுக்கு முன் நூற்று எண்பது.
அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன்:
இடது புருவத்தில் ஒரு வெட்டு.
எத்தனை வருஷமாக இருக்கிறதோ.

படத்தைக் காட்டிக் கேட்டார்,
“இந்த ஆளு பொழச்சுக்கிட்டாரா?”
“தெரியலையே சார்.”
“கையப் பாத்தா?”
மறுபடி குனிந்து பார்த்தேன்.
“கை நல்லாத்தான் இருக்கு.”
அது அவருக்குப் போதுமாயிருந்தது.
சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டு
மஞ்சள் சதுரத்தைப் பார்க்கப் போனார்.

வாசல் மேஜையில் நோட்டு.
பெயர், ஊர், கருத்து.
எனக்கு மேலே ஆறு பேர்
‘மிக அருமை’ என்று எழுதியிருந்தார்கள்.
தெய்வானை, காரைக்குடி.
‘ஜன்னலோரப் படத்தில் வலது கை சரியாக இருக்கிறது.’
ஒரு நிமிஷம் யோசித்து,
‘ஐந்தாம் நாள்’ என்று சேர்த்தேன்.

முற்றத்தில் காலி மரப்பெட்டிகள்
வாயைத் திறந்துகொண்டு கிடந்தன,
அம்புக்குறியும், ‘இந்தப் பக்கம் மேல்’ என்ற எழுத்தும்.

பஸ் ஸ்டாப் வரை வந்த பிறகுதான்
உள்ளங்கையில் உறுத்தியது:
பதினேழு.
டிபன் பை அங்கேயே.

திரும்பி நடந்தேன்.
கொஞ்சம் வேகமாகவே.